நடுமாடிக் கஸ்டர்ட்

அழைப்பு மணி அடித்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்க அல்ல, கதவில் மாட்டியிருக்கும் குடையைத் தூசி தட்ட. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது என்பது வேறு விஷயம். யாரோ மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, என் வாசலில் நின்று, மணியில் விரலை வைப்பதா வேண்டாமா என்று யோசித்தது வரைக்கும் எனக்குக் கேட்டது. இருந்தாலும் மணி அடித்த பிறகு பத்து எண்ணிவிட்டுத்தான் திறந்தேன். உடனே திறந்தால் மனுஷர் என்ன நினைப்பார்?

பெரியவர் நின்றிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, கடைசிக் காலத்தில் லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில் வந்து மாட்டிக்கொண்டவர். முதல் மாடியில் மூத்த மகன், மூன்றாம் மாடியில் இளைய மகன், நடுவில் நாங்கள். மருமகள்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் ஒரு மாதம் கீழே, ஒரு மாதம் மேலே. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஒரு பெட்டியோடு முப்பத்தாறு படி. மகன்கள் தூக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். தூக்கினார்கள். ஆனால் கீழ்வீட்டுப் பிள்ளை என் வாசல்வரைதான் தூக்குவான். மேல்வீட்டுப் பிள்ளை என் வாசலிலிருந்துதான் எடுப்பான். அதற்கு மேல் ஒரு படி போனாலும் வீட்டில் பதில் சொல்லவேண்டும். நடுவில் அந்தப் பெட்டி பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று என் வாசலில் கேட்பாரற்றுக் கிடக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவரே தூக்க ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில், என் கதவுக்கு முன்னால், பெட்டிமேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். நான் தண்ணீர் கொடுப்பேன். கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீர் சும்மா வருமா?

"ஒரு கையெழுத்து வேணும்மா" என்றார்.

உறைக்குள் இருந்தது ஒரு முதியோர் விடுதியின் விண்ணப்பம். உறவினர் அல்லாத, விண்ணப்பதாரரை ஐந்து வருஷமாவது அறிந்த ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். எங்கே போடவேண்டும் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். நான் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். வயது, ரத்த வகை, சர்க்கரை உண்டா, பல் சொந்தப் பல்லா. 'சேர விரும்பும் காரணம்' என்ற இடத்தில் நான்கு வரி விட்டிருந்தார்கள். அவர் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'படி ஏறமுடியவில்லை.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

"எப்பப்பா?"

"ஒண்ணாந்தேதி. இந்தத் தடவை பெட்டியை இறக்கினாப் போதும், மறுபடி ஏத்தவேண்டாம்."

"பேனா எழுதலையே" என்றேன். நிஜத்தில் எழுதுகிற பேனா. மூடியைத் திறக்காமலே அப்படிச் சொன்னதை அவர் பார்த்தாரா தெரியாது.

"பரவால்ல. கிடைக்கறப்ப போட்டு வை. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா." என்னிடம் சொல்கிறார்! இந்தக் கட்டடத்தில் என்னிடம்! இரண்டு படி ஏறியவர் திரும்பினார். "இந்த லீவுக்காவது கஸ்டர்ட் உண்டான்னு காதுல ஏதாச்சும் விழுந்துதா? ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமேன்னு பாத்தேன்."

அந்தக் கஸ்டர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் பத்து நாள் மூடும்போது கீழ்வீட்டில் செய்வார்கள். மூன்று லிட்டர் பாலை இரண்டாகச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய், ஜாதிக்காய், பட்டை, கிராம்பு இடித்த பொடி போட்டு, முட்டை அடித்து ஊற்றி, வடிகட்டி, மூடி போட்ட டின்களில் ஆவியில் வேகவைத்து எடுப்பது. தட்டில் கவிழ்த்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற குழந்தை மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்கும், ஆனால் உடையாது. பெரியவரின் மனைவி இருந்த நாளிலேயே வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாலும் முட்டையும் அடுப்பும் மூத்தவள் கையில். பொடி இளையவள் கையில். அந்த அம்மாள் போன பிறகும் அப்படியே நடந்தது. பொருத்தமும் அப்படித்தான். மூத்தவள் வீட்டில் திரைச்சீலை தைப்பவள். ஜன்னலைக் கண்ணால் பார்த்தே துணி வெட்டுவாள், ஒரு விரற்கடை பிசகாது. இளையவள் மருந்துக்கடையில் வேலை. உப்பைக்கூட எடை போட்டுத்தான் நம்புவாள்.

சண்டை வந்ததும் கஸ்டர்டும் இரண்டாகிவிட்டது. போன வருஷம் மூத்தவள் தனியாகச் செய்து பார்த்தாள். பொடி தெரியாமல் கையில் கிடைத்ததைப் போட்டு, அது ஒன்றுமில்லாத சப்பை. இளையவளும் தனியாகச் செய்தாள். பொடி மணந்தது, பால் திரிந்து முட்டைப் பொரியலாகிவிட்டது. இரண்டும் குப்பைக்குத்தான் போயின. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மேல்வீட்டுக் குப்பை என் மாடியைத் தாண்டித்தானே போகவேண்டும், கீழ்வீட்டுக் குப்பை என் ஜன்னலுக்குக் கீழேதானே.

சண்டைக்குக் காரணம் நான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. இரண்டு வருஷத்துக்கு முன்னால், லீவு முடிந்த வாரம், புதுத் திரைச்சீலை வாங்கக் கீழே போனேன். மூத்தவள் தைக்கிற திரைக்கெல்லாம் ஒரு வாசனை உண்டு, இதமாக, என்னவென்று சொல்லமுடியாத வாசனை. நான் முகர்ந்துகொண்டு நிற்கையில் அவள் மெஷினை மிதித்துக்கொண்டே, "இந்த வருஷம் பொடி கொஞ்சம் தூக்கல், இல்லக்கா?" என்றாள். அவ்வளவுதான். நான் அதை மேலே எடுத்துக்கொண்டு போனேன். பதினெட்டுப் படிக்குப் பதினெட்டு, முப்பத்தாறு படி ஏறுவதற்குள் அது கொஞ்சம் பெருத்துவிட்டது. "உன் பொடியாலதான் எல்லாம் கெட்டுப்போச்சாம். கடைல விக்காத சரக்கை இடிச்சுக் கொண்டுவந்துட்டாளான்னு கேக்கறாங்க" என்று இளையவளிடம் சொன்னேன். அந்த இரண்டாவது வரி முழுக்க என் சொந்தச் சரக்கு. ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆசையாக இருக்கலாம். முகம் மாறவில்லை. "அப்படியா?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து இருவரும் பேசவில்லை.

பெட்டிமேல் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வரி ஞாபகம் வரும். தண்ணீரோடு சில நாள் பிஸ்கட்டும் கொடுத்தது அதனால்தான்.

விண்ணப்பத்தைச் சமையலறை டிராயரில் வைத்து, மேலே கரண்டிகளை அடுக்கினேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாரே. ஒரு மணி நேரம் சொல்லாமல் இருந்தேன். பிறகு என் வாசல் திரையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் ஒரு சாண் பிரித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"பிரிஞ்சுபோச்சும்மா, கொஞ்சம் பாரேன்."

மூத்தவள் ஓரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தானா பிரிஞ்சுதாக்கா?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கினபடியே இருந்தது. "காரணம்னு என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, அந்த இரண்டு சொல்லுக்கு மேல் நான் என்ன கூட்ட? அவள் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியை வெளியே எடுத்தாள்.

சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். இளையவளிடமும் விஷயத்தைச் சொன்னேன். பத்து மாத்திரை கேட்டதற்கு எண்ணிக் கொடுத்தாள். வீட்டில் வந்து பார்த்தால் பதினொன்று. அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். கணக்கில் ஒரு மாத்திரை தவறியதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாமல் இருக்கிற ஆளா நான்?

மறுநாளிலிருந்து என் காலுக்கு ஓய்வில்லை. கஸ்டர்ட் செய்யவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே என்பதில்தான். "நான் அவங்க அடுப்படில கால் வைக்கமாட்டேன், ஆன்ட்டி" என்றாள் இளையவள். அவள் என்னை ஆன்ட்டி என்பாள், என்னைவிட நான்கே வயது சின்ன மூத்தவளை அக்கா என்பாள். அந்தக் கணக்கு எனக்கு விளங்கியதில்லை. "அவ வீட்டுக்கு நான் எதுக்குப் படியேறணும்?" என்றாள் மூத்தவள். மூன்று நாள் ஏறி இறங்கிய பிறகு, இருவருமே தனித்தனியாக ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"அப்ப உங்க வீட்டுலதான்."

இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே அடுப்புக்கு முன்னால், நான்கு மணி நேரம். ஒருத்தி வாயைத் திறந்து "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களாமே" என்று கேட்டால் போதும். மற்றவள் "நானா?" என்பாள். பிறகு இரண்டு முகமும் என் பக்கம் திரும்பும். ஆனால் டிராயரில் கரண்டிகளுக்கு அடியில் அந்தக் காகிதம் கிடந்தது. ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள்.

"சனிக்கிழமை வாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "உனக்கு இது தேவையா?" என்றார். கஸ்டர்ட் என்றதும் செய்தித்தாள் கொஞ்சம் இறங்கியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூத்தவள் தன் அடிகனமான பாத்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவராத குறையாகக் கொண்டுவந்தாள். என் பாத்திரங்களை நம்பமாட்டாளாம். எட்டேகாலுக்கு இளையவள் வந்தாள், ஒரு சின்னத் தராசோடும் ஒரு மருந்துப் புட்டியோடும். புட்டிக்குள் பொடி. பழைய லேபிளைக் கிழிக்காததால் அதில், 'நன்றாகக் குலுக்கியபின் உபயோகிக்கவும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று இருந்தது. மூத்தவள் அதைப் படித்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். அடுப்புப் பக்கம் ஒருத்தி, மேஜைப் பக்கம் ஒருத்தி, நடுவில் நான் தபால்காரி.

"பால் சுண்ட இன்னும் அரை மணி ஆகும்னு சொல்லுங்கக்கா."

"அரை மணி ஆகுமாம்."

"கேட்டுச்சு ஆன்ட்டி. தீயை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்னு சொல்லுங்க."

"தீயை..."

"என் தீ எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நான் கொண்டுபோகாத முதல் சேதி அதுவாகத்தான் இருக்கும். பால் சுண்டியது. மூத்தவள் சுண்டு விரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணினாள். பொறுக்கக்கூடிய சூட்டில் இருந்தால்தான் பொடி போடலாமாம். சர்க்கரை கரைந்தது. இளையவள் எழுந்து வந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டு. புட்டியிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாக எடுத்துப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது ஸ்பூனுக்கு மூத்தவளின் கழுத்து திரும்பியது. ஐந்தாவதற்குக் கையே எழும்பிவிட்டது. பிறகு அந்தக் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

மூடி வைத்துக் கால் மணி ஊறவிட்டார்கள். பிறகு யார் ருசி பார்ப்பது என்று வந்தது. மூத்தவள் ஒரு ஸ்பூனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "நீங்க பொதுவான ஆளு. நீங்க சொல்லுங்க."

வாயில் விட்டேன். ஜாதிக்காய் மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. கிராம்பு நாக்கின் ஓரத்தை மரக்கவைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு முகமும் என்னையே பார்த்தன. 'நல்லாயிருக்கு' என்றால் மூன்று லிட்டர் பாலும் ஒரு மனுஷரும் போச்சு. 'சகிக்கலை' என்றால் பழைய கதை திரும்ப வரும், அதுவும் இந்தத் தடவை நிஜமாகவே என் வாயிலிருந்து. இதற்கு முன்னால் எந்தச் செய்தியையும் நான் இவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்ததில்லை.

"தூக்கல்" என்றேன். ஒரே சொல். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூத்தவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "தூக்கலா இல்லாம? மூணு ஸ்பூன் போடவேண்டிய இடத்துல அஞ்சு போட்டா?"

இளையவளும் அதே சுவரைப் பார்த்தாள். "ரெண்டு ஸ்பூனை ஒளிச்சு வைக்கிறவங்க இருந்தா அஞ்சுதான் போடணும்."

அறையில் பால் மட்டும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூத்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

"என்னது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" இரண்டு வருஷத்தில் நேராக விழுந்த முதல் வார்த்தை. "நான் புட்டியைக் குடுத்துட்டுப் போனதும் நீங்க ஒரு ஸ்பூனை எடுத்துத் தனியா வெச்சுடுவீங்க. அதனால மறு வருஷம் ஒரு ஸ்பூன் கூட இடிச்சேன். நீங்க ஒண்ணரை எடுத்தீங்க. நான் ஒண்ணரை கூட்டினேன். நீங்க ரெண்டு எடுத்தீங்க..."

"நீ கூட்டறதாலதான்டி நான் எடுத்தேன்!"

"நீங்க எடுக்கறதாலதான் நான் கூட்டினேன்!"

"யாரு சொன்னா நான் எடுக்கறேன்னு?" என்று கேட்டபோது மூத்தவளின் கண் என் பக்கம் வந்தது. சத்தியமாக இது நானில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

"யாரு சொல்லணும்? உங்க மெஷின் டிராயரைத் திறந்தாத் தெரியாதா? நூல்கண்டுக்குப் பின்னால ஒரு டப்பா. எட்டு வருஷத்துப் பொடி. நீங்க தைக்கிற திரையெல்லாம் ஏன் அப்படி மணக்குதாம்?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் வாசலில் தொங்குகிற திரை! தினமும் அதன் பின்னால் நிற்கிறேன், முகர்கிறேன், என்ன வாசனை என்று கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். என் மூக்குக்கு நேரே ஜாதிக்காய் தொங்கியிருக்கிறது.

மூத்தவள் முதலில் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தோள் குலுங்கியது. "போன வருஷம் அதைச் சேக்க ரோஷம் விடலடி. தூக்கிப் போடவும் மனசு வரல. ஏலக்காய் விக்கிற விலைக்கு..." என்றாள். இளையவள் முகத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்புத்தான், பெரும்பாலும்.

அதற்குப் பிறகு தபால்காரிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஐந்து ஸ்பூன் பொடிக்கு இரண்டு லிட்டர் சுண்டிய பால் போதாது. இன்னும் இரண்டு லிட்டர் வாங்கிச் சுண்டவைத்துச் சேர்க்கவேண்டும் என்று இளையவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். "கணக்கு எதுக்கு? கண்ணால பாத்தாலே தெரியுது" என்று மூத்தவள் அதே அளவைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் பாலுக்கும் முட்டைக்கும் ஓடினார். டின் போதவில்லை, என் டிபன் டப்பா, சர்க்கரை டப்பா, வீட்டுக்காரர் ஆணி போட்டு வைக்கிற டப்பா வரைக்கும் கழுவித் துடைத்து அடுக்கினார்கள். முட்டையை நுரை வராமல் அடிக்கவேண்டும், நுரைத்தால் வெந்த பிறகு கண் கண்ணாக ஓட்டை விழும் என்று மூத்தவள் சொல்ல, இளையவள் இத்தனை வருஷம் தெரியாத அதைத் தன் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். மூடிக்கு அடியில் துணி கட்டினார்கள், ஆவித் தண்ணீர் சொட்டிவிடாமல். தண்ணீரில் டின்களை இறக்கி, தீயைச் சிறிதாக்கிவிட்டு, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிஷம் செய்வதற்கு எதுவும் இல்லை.

எனக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் பயம்.

"அக்கா" என்றாள் இளையவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு நடந்தது..."

"நான்தான் சொன்னேன்!" என்று கத்தியேவிட்டேன். இருவரும் திடுக்கிட்டார்கள். நிறுத்த முடியவில்லை, வார்த்தை கொட்டியது. மூத்தவள் 'தூக்கல்' என்று மட்டும்தான் சொன்னாள், கெட்டுப்போச்சு என்று நான் சேர்த்தேன், கடையில் விற்காத சரக்கு என்பது என் கற்பனை, அதற்காக இரண்டு வருஷம் இவர்கள் பேசாமல், அந்த மனுஷர் பெட்டியோடு படி ஏறி, நான் பிஸ்கட் கொடுத்து... எல்லாம் சொன்னேன். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னை என்ன வேணாலும் சொல்லுங்க" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன சரக்கு?" என்றாள் மூத்தவள்.

இளையவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "ஆமா... ஏதோ வந்து சொன்னாங்க. ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லையா? அதனாலதானே சண்டை!" என்றேன்.

"அதனாலயா?" இளையவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நோயாளிக்கு மாத்திரை விளக்குகிற குரலில் பேசினாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒண்ணு சொன்னா அதுல பாதியைத் தள்ளிடுவோம். மீதியிலயும் பாதியைத்தான் எடுத்துப்போம். இந்தக் கட்டடத்துல எல்லாருமே அப்படித்தான்."

"நான் முக்கால்வாசியைத் தள்ளிடுவேன்" என்றாள் மூத்தவள். "ஆனா விடுதி விஷயத்துல தள்ளல. அந்த ரெண்டு சொல்லை உங்களால இட்டுக்கட்டியிருக்க முடியாது."

இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பெட்டி ஒன்று சத்தமில்லாமல் இறங்கியது. அப்படியொரு நிம்மதி. கையும் காலும் லேசாகி, சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த நிம்மதி ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு கட்டடமே என் பேச்சில் பாதியைத் தள்ளிவிடுகிறதா? அதைவிட, அதைவிட...

"அப்ப எதுக்குத்தான் ரெண்டு வருஷம் பேசல?"

இளையவள் டின்களைப் பார்த்தாள். மூத்தவள் தன் வளையலைத் திருப்பினாள். எதுவோ ஒன்று இருந்தது, பெரியதாகவே இருந்திருக்கவேண்டும். இளையவளின் கழுத்து நரம்பு ஒரு தடவை துடித்ததை நான் பார்த்தேன். மூத்தவள் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள், தொட்டதும் எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி தளதளன்னு கொதிக்குது பாருங்கக்கா. தீயைக் கொஞ்சம் குறைங்க" என்றாள் மூத்தவள் என்னிடம்.

குறைத்தேன். வேறென்ன செய்ய? எதற்கும் இடமில்லாத அந்தச் சின்னச் சமையலறையில் எனக்கு அடுப்பின் குமிழ் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது.

மூத்தவள் விரல் முட்டியால் டின்னின் பக்கத்தில் தட்டிப் பார்த்தாள். ஓரம் நின்றது, நடு மட்டும் நடுங்கியது. "ஆச்சு" என்றாள். ஆறவைத்து, கத்தியை ஓரமாகச் சுற்றிவிட்டு, தட்டில் கவிழ்த்தாள். டின்னை மெல்லத் தூக்கினாள். நடுங்கிக்கொண்டே நின்றது.

பெரியவரை இளையவள்தான் போய் அழைத்து வந்தாள். என் சமையலறை வாசலில் நின்று இரண்டு மருமகள்களையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தவர் நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கினார். முதல் ஸ்பூனை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். மூத்தவள் முந்தானையை முறுக்கினாள். இளையவள் உதட்டைக் கடித்தாள்.

"அதே மாதிரிதான் இருக்கு" என்றார். "எந்த வருஷமும் துளி மாறினதில்ல."

எட்டு வருஷமாக ஒருத்தி கூட்டி, ஒருத்தி குறைத்து, கடைசியில் அதே மாதிரிதான் இருந்திருக்கிறது. மருமகள்கள் இருவரும் ஒரே நேரத்தில் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டார்கள். முதுகு குலுங்குவதைத்தான் என்னால் பார்க்க முடிந்தது.

இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் அவர் கிளம்பினார். வாசல்வரை போனேன். "பேனா கிடைச்சுதாம்மா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா. தேடிட்டே இருக்கேன்."

"அவசரமில்ல." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "வேற யார்கிட்டயாவது குடுத்திருந்தா விஷயம் வெளிய தெரிஞ்சிருக்கும். அதான் உன்கிட்ட குடுத்தேன்" என்றார், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது எங்கே போகும் என்று தெரிந்த மனுஷர்.

எல்லாரும் போன பிறகு, நாலரை மணி இருக்கும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கஸ்டர்ட் போயிருந்தது. கீழே கதவு திறந்தது. மூத்தவளின் செருப்பு, இடது குதிகால் தேய்ந்த செருப்பு, ஒரு தட்டு அழுத்தமாக, ஒரு தட்டு லேசாக விழும். குழாயை மூடினேன். ஈரக் கையோடு போய்க் கதவுக்குப் பின்னால், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். செருப்புச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்டது: ஒரு சின்னத் தகர டப்பா, உள்ளே பொடி குலுங்குகிற டப்பா.

பதினெட்டுப் படி. என் வாசலில் சத்தம் நின்றது. இரண்டு வருஷமாக அந்தச் செருப்பு இதற்கு மேல் போனதில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்து, "என்னம்மா, மேலயா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மீதியை முகத்திலிருந்தே படித்துவிடுவேன்.

டப்பா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. பிறகு செருப்பு ஏற ஆரம்பித்தது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல், இழுக்காமல், எண்ணிக்கொண்டு நின்றேன். மேலே கதவு திறக்கிற சத்தம். பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. காதைத் திரையோடு அழுத்தினேன். மறுபடி தைத்துக் கொடுத்த ஓரத்திலிருந்து, மடிப்புக்குள்ளிருந்து, ஜாதிக்காய் மணந்தது.